செல் கவுன்ட்டர் தப்பாக எண்ணும்போது: ஒரு லேப் டெக்னீஷியனின் அனுபவம்

மழை பிடித்துவிட்டால் எங்கள் லேபில் போன் ஓயாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடியில் ஒரு சுற்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு சுற்று. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும், கொசு பெருகும், பின்னாலேயே டெங்குக் காய்ச்சல் வரும். போனில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பிளேட்லெட் எவ்வளவு?"

நான் தக்கலைப் பக்கம் ஒரு சின்ன லேபில் ரத்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் தட்டணு; அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை, புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே இங்கே எழுதுகிறேன். ரிப்போர்ட் வாங்கும் வீட்டாருக்கும் இதில் விஷயம் உண்டு.

முதலில் மெஷினைப் புரிந்துகொள்ள வேண்டும். ரத்த செல்களை எண்ணும் மெஷினான செல் கவுன்ட்டர் செல்லைப் பார்ப்பதில்லை, மின் துடிப்பை எண்ணுகிறது. வாலஸ் கூல்ட்டர் என்ற அமெரிக்கர் 1949-ல் விண்ணப்பித்து 1953-ல் காப்புரிமை பெற்ற முறை இது. நம் ஊர் லேப்களில் ஓடும், வெள்ளையணுவை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டும் த்ரீ பார்ட் மெஷின்கள் இன்றும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. ரத்தத்தை டைலுயன்ட் என்ற உப்புச் சத்துள்ள திரவத்தில் பல மடங்கு கலக்கி, 100 மைக்ரானோ அதற்கும் குறைவோ அகலமுள்ள ஒரு துளை வழியாக இழுக்கும். துளையின் இரண்டு பக்கமும் மின்வாய் இருக்கும், நடுவே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ரத்த செல் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு செல் துளைக்குள் நுழைந்ததும் அதன் கன அளவுக்கு உப்புநீர் விலகும், மின்தடை ஒரு கணம் ஏறி இறங்கும். அந்த ஏற்றம்தான் ஓர் எண்ணிக்கை. ஏற்றத்தின் உயரம் செல்லின் கன அளவைச் சொல்லும்.

சானலில், அதாவது பாசனக் கால்வாயில், ஒரு மடை வழியாகத் தேங்காயும் பாக்கும் மிதந்து வருகின்றன என்று வையுங்கள். கரையில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், மடையில் தண்ணீர் எவ்வளவு தடைபட்டது என்பதை மட்டும் வைத்து, "இது தேங்காய், இது பாக்கு" என்று எண்ணுகிறார். பத்துப் பாக்கு கோத்து ஒரே குலையாக வந்தால் அவருக்கு அது பாக்குக் கணக்கில் வராது. தேங்காய் குரும்பையாக இருந்தால் பாக்கென்று எண்ணிவிடுவார். மெஷினில் வரும் தப்புகளில் பாதி இதுதான்.

பிளேட்லெட் என்று மெஷின் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 முதல் 20, 30 ஃபெம்டோலிட்டர் (செல்லின் கன அளவைச் சொல்லும் மிக நுண்ணிய அலகு) வரை கன அளவுள்ள துகள்களை. சிவப்பணு சாதாரணமாக 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் இருக்கும். வெள்ளையணுவுக்கு இன்னொரு அறை. அங்கே லைஸ் என்ற திரவம் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மிச்சம் நிற்பவற்றில் ஏறத்தாழ 35 ஃபெம்டோலிட்டருக்கு மேலே உள்ளதெல்லாம் வெள்ளையணு என்று கணக்கு. ஹெச்.பி., அதாவது ஹீமோகுளோபின், மட்டும் நிறத்தை வைத்து ஒளியால் அளப்பது. எம்.சி.எச்.சி. (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி), பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணு அடைக்கும் சதவீதம்) போன்றவை பெரும்பாலும் அளந்தவையே அல்ல, கணக்குப் போட்டு வந்தவை. எது அளந்தது, எது கணக்கு என்று தெரிந்தவருக்குத் தப்பைப் பிடிப்பது பாதி முடிந்தது.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வேறொரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 34 ஆயிரம். ஆபரேஷன் தள்ளிப்போனது. மறுபடி எடுத்ததில் 29 ஆயிரம். திருவனந்தபுரத்துக்குப் போய் எலும்பு மஜ்ஜை டெஸ்ட் எடுக்கலாமா என்ற பேச்சு வீட்டில் வந்துவிட்டது. அவருக்குக் காய்ச்சல் கிடையாது. பல் தேய்த்தால் ரத்தம் வருவதில்லை, உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளே, மறைக்காம சொல்லு, எனக்கு வல்ல பெரிய சூக்கேடும் உண்டா?" என்று கேட்டார். சூக்கேடு என்றால் எங்கள் பக்கம் நோய்.

எங்கள் மெஷினிலும் 31 ஆயிரம்தான் வந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் மூன்று ரிப்போர்ட்டும் ஒத்துப்போகின்றன, சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் எந்த அளவில் எத்தனை துகள் என்று மெஷின் வரையும் கோட்டுப் படமான பிளேட்லெட் ஹிஸ்டோகிராம் வேறு கதை சொன்னது. நல்ல ரத்தத்தில் அந்தக் கோடு இடப்பக்கம் ஒரு குன்றுபோல் ஏறி, வலப்பக்கம் சரிந்து, 20 ஃபெம்டோலிட்டர் அருகே அடிமட்டத்தைத் தொட்டுவிடும். இவருடையதில் கோடு கீழே இறங்கவே இல்லை, பல் பல்லாக நின்றது. வெள்ளையணு ஹிஸ்டோகிராமின் இடது ஓரத்திலும், எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், ஒரு சின்ன மேடு. கட்டி கட்டியாகச் சேர்ந்த பிளேட்லெட்டை மெஷின் வெள்ளையணுவாக எண்ணினால் அந்த மேடு வரும்.

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து (இதுதான் ஸ்மியர்), லீஷ்மன் ஸ்டெயின் என்ற சாயம் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நடுப்பகுதியில் பிளேட்லெட் ஏறக்குறைய இல்லை. ஸ்மியரின் வால் நுனிக்குத் தள்ளிப் பார்த்தால் அங்கே முழுக்க ஊதா நிறக் கொத்துகள், ஒவ்வொரு கொத்திலும் இருபது, முப்பது பிளேட்லெட். கட்டிகள் பெரியவை என்பதால் ஸ்மியர் இழுக்கும்போது ஓரத்துக்கும் வாலுக்கும் போய்விடும். நடுவில் மட்டும் பார்ப்பவர் மெஷின் சொன்னதையே திருப்பிச் சொல்வார். எங்கள் லேபில் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்வது, பிளேட்லெட் குறைவு என்றால் ஸ்லைடின் வாலைப் பார்க்காமல் வாயைத் திறக்காதே என்பதுதான்.

காரணம் வயலட் மூடி டியூபில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. அது ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து உறையாமல் வைக்கிறது. கால்சியம் போனதும் பிளேட்லெட்டின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம் உருமாறுகிறது. சிலருடைய ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் ஒரு ஆன்டிபாடி, உருமாறிய அந்த இடத்தில் போய் ஒட்டி, பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது. இது டியூபுக்குள் மட்டும் நடப்பது, உடம்புக்குள் நடப்பதில்லை. ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கும் விஷயம். வருஷம் முழுக்கக் கூட்டம் வரும் ஒரு லேபில் இது அபூர்வம் இல்லை.

நீல மூடி டியூபில், அதாவது ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் பி.டி. டெஸ்டுக்கு எடுக்கும் சோடியம் சிட்ரேட் டியூபில், மறுபடி ரத்தம் எடுத்து உடனே ஓட்டினேன். 1 லட்சத்து 92 ஆயிரம். அந்த டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் இருப்பதால் 1.1-ஆல் பெருக்க வேண்டும். 2 லட்சத்து 11 ஆயிரம். ஸ்லைடிலும் கட்டி இல்லை, பிளேட்லெட் தாராளம். நீல டியூபிலும் கட்டி பிடிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு விரல் நுனியில் குத்தி, எந்த மருந்தும் கலக்காமல் நேரே ஸ்லைடில் இழுத்துப் பார்க்கலாம். எடுத்த கையோடு, சூடு ஆறுமுன் ஓட்டியும் பார்க்கலாம்.

டாக்டருக்கு நானே போன் செய்து சொன்னேன். ரிப்போர்ட்டில் எண்ணோடு சேர்த்து, "ஈ.டி.டி.ஏ. டியூபில் பிளேட்லெட் கட்டி பிடிக்கிறது, சிட்ரேட் டியூபில் எண்ணியது" என்ற வரியும் போனது. அதே வரியை ஒரு தனிச் சீட்டில் எழுதி, "இனி எங்க ரத்தம் எடுத்தாலும் இதை மொதல்ல காட்டுங்கக்கா" என்று கொடுத்தேன். இந்தச் சீட்டு ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு ஆபரேஷனுக்கு முன்னால், இதே பயம் திரும்பவும் வரும். தேவையில்லாமல் ஸ்டீராய்டு மாத்திரையும் பிளேட்லெட் ஏற்றுவதும் இந்தப் பொய்க் குறைவால் நடக்கக்கூடியவைதான்.

இதற்கு நேரெதிரான பொய்யும் உண்டு. ரத்தசோகை முற்றிய பெண்களிடமும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் குணம் உள்ளவர்களிடமும் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி கன அளவு, 60-க்குக் கீழேகூடப் போகலாம். சிவப்பணுக்கள் சுருங்கி, அதில் சில பிளேட்லெட் எல்லைக்குள்ளேயே வந்துவிடும். மெஷின் அவற்றையும் சேர்த்து பிளேட்லெட்டைக் கூட்டிக் காட்டும். டெங்கு காலத்தில் இது ஆபத்தானது. உண்மையில் 40 ஆயிரம் இருப்பவருக்கு 80 ஆயிரம் என்று வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே எம்.சி.வி. மிகக் குறைவாக இருந்தால் பிளேட்லெட் 'நன்றாக' இருந்தாலும் ஸ்லைடு பார்த்துவிடுவேன். சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும் இடத்தில், மைக்ராஸ்கோப்பின் ஆயில் இம்மெர்ஷன் லென்ஸில் பத்து ஃபீல்டு (லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) எண்ணிச் சராசரி எடுத்து 15 ஆயிரத்தால் பெருக்கினால் தோராயமான பிளேட்லெட் எண்ணிக்கை கிடைக்கும். ஒரு ஃபீல்டுக்கு மூன்று என்றால் 45 ஆயிரம். மெஷின் 80 ஆயிரம் என்கிறது, ஸ்லைடு 45 என்கிறது என்றால் நான் ஸ்லைடு பக்கம்.

பிளேட்லெட்டுகள் சிலருக்குச் சிவப்பணு அளவுக்கே பெரிதாக இருக்கும். அவை சிவப்பணுக் கணக்கில் போய்விடும், பிளேட்லெட் குறைவாக வரும். இதையும் ஸ்லைடுதான் காட்டும்.

டெங்கு வீட்டாரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று இருக்கிறது. காலையில் ஒரு லேபில் 22 ஆயிரம், மதியம் இன்னொரு லேபில் 18 ஆயிரம், "நாலாயிரம் எறங்கிப் போச்சே" என்று அழுதுகொண்டு வருவார்கள். எண்ணுவது எதுவானாலும் அதில் இயல்பாகவே ஒரு தள்ளாட்டம் இருக்கிறது. எண்ணிய எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அந்தத் தள்ளாட்டத்தின் அளவு. கையால் எண்ணப் பயன்படும் கட்டம் போட்ட கண்ணாடியான நியூபவர் சேம்பரில் 1-க்கு 20 கலந்து நடுச்சதுரத்தில் 100 பிளேட்லெட் எண்ணினால் அது 20 ஆயிரம் என்று கணக்கு. 100-ன் வர்க்கமூலம் 10, அதாவது 10 சதவீதம். அதே ரத்தத்தை அதே ஆள் திரும்ப எண்ணினாலும் இதன் இருமடங்கு வரை தள்ளாடி, 16 ஆயிரத்துக்கும் 24 ஆயிரத்துக்கும் நடுவே எங்கேயும் வரலாம். மெஷின் அதைவிட அதிகமாக எண்ணுவதால் தள்ளாட்டம் குறையும். 10,000 துடிப்பு எண்ணினால் 1 சதவீதம்தான். ஆனால் பிளேட்லெட் குறையக் குறைய மெஷினுக்கும் எண்ணக் கிடைப்பது குறைவு. இரண்டு வேறு மெஷின் என்றால் வித்தியாசம் இன்னும் கூடும். 22-ம் 18-ம் பெரும்பாலும் ஒரே எண்தான். ஒரே லேபில், ஒரே மெஷினில் தொடர்ந்து பாருங்கள் என்று நான் சொல்வது வியாபாரத்துக்காக இல்லை. எங்களிடம் வர வேண்டாம், முதலில் எடுத்த இடத்திலேயே தொடருங்கள் என்றும் பலருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

டெங்குவில் டாக்டர்கள் பிளேட்லெட்டோடு சேர்த்து பி.சி.வி.யையும் கவனிப்பார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி பி.சி.வி. ஏறும். பிளேட்லெட் வேகமாக இறங்கும்போது பி.சி.வி. ஏறுவது எச்சரிக்கை அறிகுறி என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த பி.சி.வி.யை மெஷின் எங்கிருந்து எடுக்கிறது? சிவப்பணு எண்ணிக்கையை எம்.சி.வி.யால் பெருக்கித்தான். துளையில் ஒரு நூலிழைக் கட்டி அரைகுறையாக அடைத்து, சிவப்பணு குறைவாக எண்ணப்பட்டால் பி.சி.வி.யும் இறங்கிவிடும். நீர் கசிகிற ஆளுக்கு ஒன்றுமில்லை என்பதுபோல் ரிப்போர்ட் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே சிவப்பணு எண்ணிக்கை எனக்குப் பிளேட்லெட் அளவுக்கு முக்கியம்.

அதைப் பிடிக்கப் பழைய ஆட்கள் வைத்திருந்த வழி 'மூன்றால் பெருக்கு'. சிவப்பணு மில்லியன் கணக்கில் எவ்வளவோ அதை மூன்றால் பெருக்கினால் ஹெச்.பி., ஹெச்.பி.யை மூன்றால் பெருக்கினால் பி.சி.வி., அங்கே மூன்று கூடலாம், குறையலாம். சிவப்பணு 4.5 என்றால் ஹெச்.பி. 13.5, பி.சி.வி. 40 பக்கம். இது சிவப்பணு இயல்பான அளவில் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். சிறுத்துப்போன ரத்தசோகையில் பொருந்தாது, பொருந்தாததால் மெஷின் தப்பு என்றும் ஆகாது. எம்.சி.வி. இயல்பாக இருந்தும் இந்தக் கணக்கு உதைத்தால்தான் நின்று பார்க்க வேண்டும்.

இதைவிட நான் அதிகம் நம்புவது எம்.சி.எச்.சி.யை. ஒரு சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்க முடியும் என்பதற்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சாதாரணமாக 32 முதல் 36. அது 37, 38 என்று போனால் சில அபூர்வ நோய்களைத் தவிர்த்து, எங்கேயோ அளவு தப்பியிருக்கிறது என்றுதான் பொருள்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரின் சாம்பிள் வந்தது. நெஞ்சுச் சளி, இருமல், கொஞ்ச நாளாகக் காய்ச்சல். ஹெச்.பி. 10.6. சிவப்பணு 1.72. எம்.சி.வி. 112. எம்.சி.எச்.சி. 54.9. இப்படி ஓர் எம்.சி.எச்.சி. மனித உடம்பில் இருக்கவே முடியாது. கூட வேலை பார்த்த தங்கச்சி, "மெஷின் கேடாயிட்டாக்கா?" என்று கேட்டாள். முந்தின சாம்பிளும் அடுத்த சாம்பிளும் ஒழுங்காக இருந்தன, ஆகவே மெஷினில் பழுதில்லை. டியூபை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். கண்ணாடி ஓரத்தில் ரத்தம் வழுவழுவென்று இறங்காமல் மணல் மணலாக ஒட்டி ஒட்டி இறங்கியது. சிலருக்கு, முக்கியமாக மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் நிமோனியா வந்தவர்களுக்கு, குளிரில் மட்டும் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடி உருவாகும். லேபின் ஏ.சி. குளிரே அதற்குப் போதும். இரண்டு மூன்று சிவப்பணு சேர்ந்து ஒன்றாகத் துளைக்குள் போனால் எண்ணிக்கை குறையும், அளவு பெருக்கும். ஹெச்.பி. அளப்பதற்குள் லைஸ் எல்லாவற்றையும் உடைத்துவிடுவதால் ஹெச்.பி. மட்டும் உண்மையாக இருக்கும்.

டியூபை 37 டிகிரி வாட்டர் பாத்தில் அரைமணி நேரம் வைத்து, எடுத்ததும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஓட்டினோம். சிவப்பணு 3.62, எம்.சி.வி. 88, ஹெச்.பி. அதே 10.6, எம்.சி.எச்.சி. 33.2. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. டாக்டருக்கு எண்ணை மட்டும் திருத்திக் கொடுத்தால் போதாது, குளிரில் ஒட்டும் ரத்தம் என்பதையும் சொல்ல வேண்டும். அது அவருக்கு நோயைப் பற்றிய ஒரு துப்பு.

எம்.சி.எச்.சி. ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கொழுப்பு அதிகமுள்ள ரத்தத்தில் அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பால்போல் வெளுத்திருக்கும், ஒளி சிதறி ஹெச்.பி. கூடுதலாக வரும். டியூபைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து மேலே தெளியும் பிளாஸ்மாவைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு அதே அளவு சலைன் சேர்த்து மறுபடி ஓட்டினால் சரியாகும். ரத்தம் எடுக்கும்போதே செல் உடைந்திருந்தாலும் ஏறும். பிளாஸ்மா சிவந்திருக்கும். அதற்குத் திருத்தம் கிடையாது, மறுபடி ரத்தம் எடுப்பதுதான் வழி.

டிரிப் போகும் கையிலேயே ரத்தம் எடுத்துவிடுவது இன்னொரு தலைவலி. நேற்று ஹெச்.பி. 12.4, வெள்ளையணு 5,200, பிளேட்லெட் 1 லட்சத்து 10 ஆயிரம். இன்று ஹெச்.பி. 7.1, வெள்ளையணு 3,000, பிளேட்லெட் 63 ஆயிரம். வார்டில் ரத்தக்கசிவு என்று பதறுவார்கள். மூன்றையும் வகுத்துப் பார்த்தால் மூன்றுமே 57 சதவீதத்துக்கு வந்திருக்கின்றன. நோய் இப்படி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில், ஒரே ராத்திரியில் குறைக்காது. தண்ணீர் கலந்தால்தான் அப்படிக் குறையும். எம்.சி.வி. நேற்றைப் போலவே இருந்தால் சலைன் என்று சந்தேகிக்கலாம். குளுக்கோஸ் டிரிப் என்றால் அதே சாம்பிளில் சர்க்கரை பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொரு கையில் எடுத்த ரத்தம் வரும்வரை அந்த ரிப்போர்ட்டை நான் விடமாட்டேன், யார் சத்தம் போட்டாலும்.

பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கத்தில் எம்.சி.வி. பெரிய உதவி. ரத்தம் ஏற்றாத ஒருவருக்கு எம்.சி.வி. இரண்டு மூன்று நாளில் அப்படி மாறாது. திங்கள் 91, புதன் 74 என்றால் டியூபில் பெயர் மாறியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். நம் பக்கம் ஒரே பெயரில் நாலு பேர் ஒரே நாளில் வருவது சாதாரணம்.

மெஷினைச் சுற்றியுள்ள விஷயங்களில் இங்கே மின்சாரம்தான் பெரிய பாடு. ஐப்பசி இடிமழையில் கரன்ட் போவதும் வருவதுமாக இருக்கும். ஒரு மழைக்காலத்தில் காலை பேக்கிரவுண்ட் ஓட்டும்போது பிளேட்லெட் 15 ஆயிரம், 20 ஆயிரம் என்று காட்டத் தொடங்கியது. ரத்தமே இல்லாமல், வெறும் டைலுயன்ட்டை ஓட்டி எண்ணுவதுதான் பேக்கிரவுண்ட். எங்கள் மெஷினில் அது 10 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. புது டைலுயன்ட் கேன் மாற்றினோம், குறையவில்லை. கேனை ஆட்டித் தூக்கி வந்தால் நுண் குமிழிகள் பிளேட்லெட்டாக எண்ணப்படும் என்பதால் ஒரு ராத்திரி அசையாமல் வைத்தும் பார்த்தோம். ஹைப்போகுளோரைட் கிளீனரால் துளையைக் கழுவினோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் கவனித்தேன், பக்கத்து மேசையில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் சுற்றும்போது மட்டும் எண் ஏறுகிறது. மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலைச் சின்னச் சின்னத் துடிப்பாக எடுத்துக்கொண்டு மெஷின் எண்ணுகிறது. பிளேட்லெட்டின் துடிப்புதான் இருப்பதிலேயே சின்னது, ஆகவே இரைச்சல் முதலில் அங்கேதான் ஏறும். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்ததில் எர்த் கம்பி துருப்பிடித்து விட்டிருந்தது. கடல்காற்று படும் ஊரில் அதுவும் நடக்கும். எர்த்தைப் புதிதாகப் போட்டு, மெஷினுக்குத் தனி லைன் இழுத்ததும் பேக்கிரவுண்ட் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு இறங்கியது. 2 லட்சம் உள்ளவருக்கு 15 ஆயிரம் கூடினால் ஒன்றுமில்லை. உண்மையில் 12 ஆயிரம் இருக்கும் டெங்குப் பிள்ளைக்கு 27 ஆயிரம் என்று போனால்? அதனால் காலையில் பேக்கிரவுண்ட் பார்க்காமல் முதல் சாம்பிளை நாங்கள் ஓட்டுவதில்லை. கரன்ட் போய் வந்தாலும் மறுபடி ஒரு தடவை.

தினமும் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரி ரத்தம், ஓட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்று குப்பி. லீவி, ஜென்னிங்ஸ் இருவரும் 1950-ல் லேபுக்குக் கொண்டுவந்த அந்தக் கோட்டுப் படத்தில் புள்ளி வைத்துப் பார்ப்போம். ஒரு புள்ளி வெளியே போவதைவிட, புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கமாகச் சாய்வதுதான் என்னைக் கவலைப்பட வைக்கும். மெஷினுக்கு ஊற்றும் திரவமான ரீஜென்ட் மாறியிருக்கும், அல்லது துளையில் புரதம் படிந்திருக்கும். கன்ட்ரோல் குப்பி விலை அதிகம், திறந்தால் சில நாட்களே தாங்கும். பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கரன்ட் போனால் அதுவும் கேள்விக்குறி. சின்ன லேப்களுக்கு இது பாரம் என்று எனக்குத் தெரியும். அதற்காகக் கன்ட்ரோலை விட்டுவிடக் கூடாது. அதோடு காசில்லாத இரண்டு வழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று, நேற்று இயல்பாக வந்த ஒரு சாம்பிளை எடுத்து வைத்து இன்று காலை திரும்ப ஓட்டுவது. ஒரு நாளைக்குள் ஹெச்.பி.யும் சிவப்பணுவும் மாறாது, மாறினால் மெஷினைப் பாருங்கள். இரண்டாவது, 1974-ல் பிரையன் புல் என்ற மருத்துவர் சக ஆய்வாளர்களோடு சொன்ன யோசனை. தொடர்ந்து வரும் 20 நோயாளிகளின் எம்.சி.வி., எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் அளவு), எம்.சி.எச்.சி. சராசரியைக் கவனிப்பது. தனித்தனி ஆட்கள் மாறினாலும் ஓர் ஊர் ஜனத்தின் சராசரி அப்படி மாறாது. பெரிய மெஷின்கள் இதைத் தானாகவே செய்யும். எங்கள் மெஷினில் அந்த வசதி இல்லை, ஆகவே ஒரு நோட்டில் எழுதி கால்குலேட்டரில் போடுகிறோம். எம்.சி.எச்.சி. சராசரி 33-ஐ ஒட்டியே போய்க்கொண்டிருந்து, திடீரென்று 34.5 ஆகி அங்கேயே நின்றால், அன்று யாருக்கும் நோய் மாறவில்லை, மெஷினில் ஹெச்.பி. கூடுகிறது அல்லது செல் அளவு குறைகிறது. கன்ட்ரோல் ஓட்டும் நேரம் காலை எட்டு மணி, கோளாறு வருவது மதியம் இரண்டு மணி என்றால் இந்த நோட்டுதான் பிடித்துக்கொடுக்கும்.

வெள்ளையணுவில் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைகளிடமும் கடுமையான ரத்தசோகையிலும் கரு உள்ள இளம் சிவப்பணுக்கள் ரத்தத்தில் வரும். லைஸ் அவற்றின் கருவை உடைக்காது. சாதாரண மெஷின் அவற்றை வெள்ளையணுவாக எண்ணிவிடும். ஸ்லைடில் 100 வெள்ளையணு எண்ணும்போது அப்படி எத்தனை வருகிறது என்று பார்த்து, மெஷின் எண்ணை 100-ஆல் பெருக்கி, 100-ஓடு ஸ்லைடில் வந்த எண்ணிக்கையைக் கூட்டி அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். மெஷின் 30,000, ஸ்லைடில் 50 என்றால் உண்மை வெள்ளையணு 20,000.

இனி ரத்தம் எடுக்கும் இடம். அருமனை, மேல்புறம் போன்ற இடங்களிலிருந்து எங்களுக்கு சாம்பிள் பைக்கில் வரும். எண்ணிக்கைத் தப்புகளில் பெரும்பங்கு மெஷினுக்கு வரும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. டியூபில் கோடு போட்ட அளவுக்கு ரத்தம் வேண்டும். 2 மில்லி டியூபில் அரை மில்லி எடுத்தால் ஈ.டி.டி.ஏ. அளவுக்கு மீறிச் செல் சுருங்கும். எடுத்ததும் எட்டுப் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. குழந்தைகளிடம் நரம்பு கிடைக்காமல் சிறிது சிறிதாக எடுத்தால் அடியில் ஒரு சின்ன உறைகட்டி விழும். அந்தக் கட்டி பிளேட்லெட்டைத் தின்றுவிடும், மெஷினின் ஊசியையும் அடைக்கும். பிளேட்லெட் குறைந்த எந்த சாம்பிளிலும் ஸ்லைடு போடும் முன் ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்போம். கட்டி இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை, அடைப்புக்குறிக்குள் போட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. டியூபை ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்து அனுப்புவதும் வேண்டாம், செல் உறைந்து உடையும். எடுத்த இடத்திலேயே ஒரு ஸ்லைடு இழுத்துக் காயவைத்து டியூபோடு அனுப்பச் சொல்லி எல்லாக் கலெக்‌ஷன் சென்டருக்கும் கண்ணாடி ஸ்லைடு பெட்டி கொடுத்திருக்கிறோம். இரண்டு மூன்று மணி நேரம் டியூபில் கிடந்த ரத்தத்தில் இழுக்கும் ஸ்மியரைவிட அது எவ்வளவோ தெளிவு.

ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது இரண்டு. பிளேட்லெட் குறைவு என்று வந்தால், "ஸ்லைடு பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். நல்ல லேபில் அந்தக் கேள்விக்கு யாரும் கோபப்படமாட்டார்கள், ரிப்போர்ட்டிலேயே எழுதியும் இருப்பார்கள். உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று குறைவு வந்தால், நீல மூடி டியூபில் ஒருமுறை பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். உங்கள் பழைய எம்.சி.வி. எங்களுக்கு எவ்வளவு உதவி என்பது மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

சக டெக்னீஷியன்களுக்கு ஒன்று. சந்தேகப்பட்ட ஸ்லைடுகளை ஒரு வாரமாவது எடுத்து வையுங்கள், மேலே தேதியும் சாம்பிள் எண்ணும் பென்சிலால் எழுதி. மார்க்கரில் எழுதினால் ஸ்டெயினில் இருக்கும் மெத்தனால் அழித்துவிடும். டாக்டர் மூன்றாம் நாள் கூப்பிட்டு, "அந்த பிளேட்லெட்டை இன்னொரு தடவை பாருங்க" என்பார். அப்போது நீங்கள் எடுத்துப் பார்க்க ஸ்லைடு கையில் இருக்க வேண்டும்.